மாமியின் போனில் நீந்திய மீன்கள்

ஐபோனில் கம்பெனி வைத்திருக்கும் ஆப் கடை ஒன்றே ஒன்று. அதில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பதுபோல் கம்பெனி நடந்துகொள்ளும். ஜெயில்பிரேக் செய்தால், அதாவது அவர்கள் போட்ட பூட்டை உடைத்தால், அதே போனுக்குள் இன்னொரு கடை திறந்துகொள்ளும் என்று ஆறாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். எங்கள் ஊர் அரிமளத்தில் அப்போது அது தெரிந்த ஒரே பெண்பிள்ளை நான்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். மறுத்துப் பேச யாரும் வரவில்லை.

போன் என்னுடையது இல்லை, மாமியுடையது. மாமி என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கச்சி; எங்கள் வீட்டு மாடியில் இருந்தார். மாமா சவுதியில். தான் வைத்திருந்த போனை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் மாமிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்.

"இவரு பேசுறத அப்புடியே புடிச்சு வைக்க முடியுமா? இந்த வருசத்தோட முடிச்சுக்கிட்டு வந்துர்றேங்குறாரு. அடுத்த வாரம் கேட்டா, நான் எப்ப சொன்னேங்குறாரு."

கம்பெனிக் கடையில் தேடினேன், இல்லை. பெரியத்தா மகன், திருச்சியில் இன்ஜினியரிங் படித்த அண்ணன், லேப்டாப்போடு ஊருக்கு வந்தபோது அவனைச் சாப்பிடக்கூட விடவில்லை. பூட்டை உடைத்துக் கொடுத்தான். இரண்டாவது கடை திறந்தது. உள்ளே எழுத்தை மாற்ற ஒன்று, திரையை மாற்ற ஒன்று, மணியை மாற்ற ஒன்று. எதைத் தொடுவது, எதை விடுவது? கால் ரெக்கார்டரும் இருந்தது. மாமிக்காக அதைப் போட்டேன்.

பஸ் ஏறும்போது அண்ணன் சொன்னான். "இது அரைகுறையா ஒடைச்சதுதான். போன் அணைஞ்சா தானா எந்திரிக்காது, லேப்டாப்ல மாட்டி நான்தான் எழுப்பணும். அணைய மட்டும் விட்றாத."

தலையாட்டினேன். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஈபி ஆபீஸுக்கே தெரியாத காலம் அது.

அதோடு சும்மா இருந்தேனா? இரண்டாவது கடையில் திரை முழுக்க மீன் நீந்தும் படம் ஒன்று இருந்தது. விரல் வைத்தால் மீன்கள் சிதறி ஓடும். அதையும் போட்டேன். காலையில் நூறு இருந்த சார்ஜ் மதியச் சோற்றுக்குள் முப்பதுக்கு வந்தது.

"ஏம்மா இப்புடி எறங்குது?" என்றார் மாமி.

"ரெக்கார்டர்தான் மாமி. அது சார்ஜைத் திங்கும்" என்றேன், கூசாமல்.

மாமா பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும், ஜும்மா முடிந்து சாப்பிட்ட பிறகு. நமக்கு மூன்று மணி ஆகும். ஒன்பது வெள்ளியின் பேச்சு போனில் சேர்ந்திருந்தது. ஒன்பதாவதில், வேலை பார்க்கும் இடத்தில் கேட்டுவிட்டு அடுத்த வெள்ளி முடிவாகச் சொல்கிறேன் என்றிருந்தார். மாமி மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார். "இந்த வாரம் சொல்றது மட்டும் பதிஞ்சுட்டா போதும். அப்பறம் எப்புடி மாத்துறாருன்னு பாக்குறேன்."

அந்த வெள்ளி காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அரையாண்டு லீவு, நான் வீட்டில்தான் இருந்தேன், மீன்களோடு. இரண்டரைக்குப் பார்த்தால் நாலு சதவீதம். ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, இன்வெர்ட்டர் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். உயிர் இருக்கிறதா என்று வழியில் மூன்று தடவை திரையைத் தட்டிப் பார்த்தேன். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. கடைப் படியில் கால் வைத்தபோது திரை கறுத்தது.

மாட்டினோம். கொஞ்ச நேரத்தில் கடித்த பழம் வந்தது. வந்தது அப்படியே நின்றது.

"பழம் வந்துருச்சுல்ல, அப்பறம் என்ன?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"இனி பழம் மட்டுந்தாண்ணே வரும்."

மணி இரண்டு ஐம்பது. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை உருவி, ஓட்டையில் குத்தி, சிம்மை எடுத்தேன். சின்னதாக வெட்டிய சிம். அதைச் சுற்றி அட்டை வெட்டி, டேப் ஒட்டி, அவருடைய பட்டன் போனில் அவர் சிம்மை எடுத்துவிட்டுச் செருகினோம்.

"ஏய், எனக்கு யாராச்சும் கூப்பிட்டா?"

"அர மணி நேரம் யாரும் கூப்புட மாட்டாங்கண்ணே" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

மாடிப்படியில் ஏறும்போதே மணி அடித்தது. மாமி பட்டன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல பதியாதா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் எடுத்துக் காதில் வைத்தார்.

படியில் உட்கார்ந்து கேட்டேன். மாமி ஐந்தாறு தடவை "ம்" என்றார். "எத்தன வருசத்துக்கு?" என்றார். அப்புறம் "சரிங்க." அப்புறம் "ஒடம்பப் பாத்துக்கங்க." இவ்வளவுதான். திட்டு விழும் என்று காத்திருந்தேன். போனை என் கையில் கொடுத்து, "பாவம், யாரு போனோ, தேடுவாங்க, குடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் வெள்ளையடிக்கிறவர் வாளியோடு வந்தார். மாமி படியிலேயே நிறுத்தி, "இப்ப வேணாண்ணே, அப்பறம் சொல்லி அனுப்புறேன்" என்றார். சுண்ணாம்பு வாடை பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து போனை எழுப்பினான். மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மாமி, ஒம்பதும் பத்திரமா இருக்கு. அடுத்த வெள்ளி பேசுறது பதிஞ்சுரும்."

மாமி போனை வாங்கினார். திரையில் விரல் வைத்தார். மீன்கள் சிதறின. அவை திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெக்கார்டர எடுத்துரும்மா. பேசுனதையும் சேத்து. அதுதான சார்ஜைத் திங்குது?"

"ஆமா மாமி."

மனசு மாறுவதற்குள் அங்கேயே நின்று அழித்தேன். பொய் பிடிபடவில்லை, மீன்களும் தப்பித்தன என்று படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

ரெக்கார்டர் போன பிறகும் சார்ஜ் அதே வேகத்தில்தான் இறங்கியது. ஏன் என்று மாமி ஒருநாளும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.