சூளையில் காய்ந்த கேமரா

விருத்தாசலத்தில் பெண் போட்டோகிராபர் யார் என்று கேட்டால் பூர்ணிமாவைத்தான் கைகாட்டுவார்கள். சொல்வதற்கு இன்னொரு பெயர் இல்லை என்பதும் ஒரு காரணம். வளைகாப்பு, சடங்கு, பெண் அலங்காரம் என்று ஆண்கள் நுழைய முடியாத அறைக்குள்ளெல்லாம் அவள் போய் வருவாள். ஒரு ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருடம் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவள், வளையலை விற்று ஒரு கேமராவும் பெரிய லென்ஸும் வாங்கித் தனியாகக் கிளம்பினாள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று அப்போது கேட்டவர்களே பிறகு தங்கள் வீட்டுப் பிள்ளையின் சடங்குக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பேச்சு மட்டும் வெடுக்கென்று இருக்கும். "வயித்த உள்ள இழுங்க, மூச்சு ஒண்ணும் நின்னு போவாது" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே சொல்வாள். படம் நன்றாக வந்துவிடுவதால் யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் கேமராவும் லென்ஸும் வைகாசியில் நல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் கெட்டுப்போயின. ஆவணியில் ஏழு முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்டு முன்பணமும் வாங்கியிருந்தாள். நல்ல வேளையாகக் கேமராவுக்கு இன்ஷூரன்ஸ் போட்டு வைத்திருந்தாள். அது கைக்கு வந்தால் வேறு கேமரா வாங்கலாம். வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆல்பம் ஒட்டப் போக வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு மறுநாள் முறைக்காரர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கேமராக்காரர் மேல் யாரும் ஊற்றமாட்டார்கள். பூர்ணிமாவும் எத்தனையோ கல்யாணத்தில் ஓரமாக நின்று எடுத்துவிட்டு, ஒரு சொட்டு படாமல் திரும்பியிருக்கிறாள். இந்த முறை பெண்ணின் அம்மா ராஜம்மாள் காலையில் இட்லி வைத்துக்கொண்டே உன் அம்மா எந்த ஊர், தாத்தா பெயர் என்ன என்று விசாரித்தாள். நாலு கேள்வியில் உறவு வந்துவிட்டது. ராஜம்மாளின் தம்பி திருமால், பூர்ணிமாவுக்கு மாமன் முறை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முறைக்காரப் பெண் வீடு தேடி வந்துவிட்டுக் காய்ந்த புடவையோடு திரும்பினால் தனக்கு மரியாதை இல்லை என்று திருமாலுக்குத் தோன்றிவிட்டது. பின்பக்கமாக வந்து ஒரு குடத்தை முழுசாகத் தலையில் கவிழ்த்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கேமராவின் திரையில் நாலைந்து கோடு ஓடியது, பிறகு இருட்டாகிவிட்டது.

பூர்ணிமா கத்தவில்லை. பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். கேமராவையும் லென்ஸையும் பிரித்து வீட்டில் அரிசி டின்னுக்குள் புதைத்தாள். மறுநாள் காலையில் பாலிசி காகிதத்தை எடுத்துக்கொண்டு ஏஜெண்ட் கொளஞ்சியப்பனின் வீட்டுக்குப் போனாள். அவர் கம்பெனிக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னார். சர்வேயர் என்று ஒருவர் வந்து சேதத்தை நேரில் பார்ப்பார், அதுவரை கேமராவைத் திறக்கக்கூடாது, துடைக்கக்கூடாது, யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தால் அரிசி மட்டும் இருந்தது.

அவள் புருஷன் ஆனந்தராஜுக்குச் செராமிக் கம்பெனியில் சூளை வேலை. அகல், பொம்மை, கரண்ட் கம்பத்துக்கு வைக்கிற பீங்கான் எல்லாம் அங்கே வேகும். வேகவைப்பதற்கு முன் ஈர மண் பொம்மைகளைக் காயவைக்கச் சூளைச் சுவரை ஒட்டி இரும்புத் தட்டுகள் அடுக்கியிருக்கும். மழைக்காலத்தில் அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் யூனிபாரம் அந்தத் தட்டில்தான் காயும். செருப்பு காயும், வடகம் காயும். ஒரு கார்த்திகை மழையில் சாக்கடையில் விழுந்த ஆனந்தராஜின் போன்கூட அங்கே காய்ந்துதான் பிழைத்தது. ஆகவே அரிசியை நம்பி உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிக்கு உதவி செய்வதாக நினைத்து, காலை ஷிப்டுக்குப் போகும்போது டிபன் பையில் கேமராவையும் லென்ஸையும் வைத்து எடுத்துப் போய்விட்டார்.

போன் போட்டுக் கேட்டாள். சாயந்தரம் கொண்டுவந்து காட்டுகிறேன், அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும் என்று பெருமையாகச் சொன்னார். உடனே எடுத்துவிடச் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. சூளைப் பக்கம் போனால் போனை டிபன் பையில் வைத்துவிடுவார்.

சாயந்தரம் வந்ததைப் பார்த்தாள். கேமரா முழுக்க மாவு தூவின மாதிரி வெள்ளை மண் தூசி. பொத்தான் இடுக்கில்கூடப் புகுந்திருந்தது. லென்ஸின் ரப்பர் வளையம் இளகிச் சுருண்டிருந்தது, உள்ளே கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பால் ஊற்றினது போல ஒரு படலம். ஆனந்தராஜ் அதைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்றைக்கு அவர் தட்டில் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிளெய்ம் பாரம் நாலு பக்கம். மூன்று பக்கத்தை ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. சேதம் ஏற்பட்ட பிறகு பொருளை என்ன செய்தீர்கள்?

அரிசியில் வைத்தேன் என்று எழுதிவிட்டு நிறுத்தச் சொன்னார் கொளஞ்சியப்பன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தண்ணீரால் கெட்டதற்குத்தான் கம்பெனி கொடுக்கும், நாமே சூட்டில் வைத்துக் கெடுத்ததற்குக் கொடுக்காது, சூளை என்று ஒரு வார்த்தை எழுதினால் மொத்தமும் தள்ளிவிடுவார்கள் என்று விளக்கினார். ஆனந்தராஜும் அதையே விரும்பினார். செய்த காரியம் காகிதத்தில் ஏறுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

பூர்ணிமா இரண்டு நாள் அந்தக் கேள்விக்கான இடத்தைக் காலியாகவே விட்டு வைத்தாள். அவள் ஒன்றும் பொய்யே சொல்லாதவள் இல்லை. சீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள், மாமியாரிடம் தினமும் சொல்கிறாள். ஆனால் கேமராவைத் திறந்து பார்க்கிறவனுக்கு அந்த மண் கண்ணில் படாதா என்ற கணக்குதான் ஓடியது. அரிசி டின்னில் பீங்கான் மண் எப்படி வரும்? அங்கே மாட்டிக்கொண்டால், தண்ணீர் ஊற்றினது உண்மை என்பதையும் அப்புறம் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

அதற்கு நடுவில் தண்ணீர் ஊற்றினதற்கு ஒரு கடிதம் வாங்க நல்லூருக்குப் பஸ் ஏறினாள். கடிதம் என்றதுமே ராஜம்மாள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"போலீஸ் கேஸு ஆயிடுமா? பொண்ணு புருஷன் வூட்டுக்குப் போயி பத்து நாளுகூட ஆவலம்மா."

"கேஸெல்லாம் இல்ல பெரிம்மா. தண்ணி ஊத்துனாருன்னு நாலு வரி. அவ்ளோதான்."

திருமாலுக்குப் பயமே இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து அவரே எழுதினார். மாமன் முறை இருப்பதாலும், முறை தவறக்கூடாது என்பதாலும், இன்ன தேதியில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை மேற்படியாள்மேல் மனமார ஊற்றினேன் என்று எழுதிப் பெரிதாகக் கையெழுத்தும் போட்டார். மனமார என்பதை அடிக்கச் சொன்னாள். ஊற்றினது மனமாரத்தானே என்று மறுத்துவிட்டார்.

சர்வேயர் தேவநாதன் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர், டீயைக்கூட வேண்டாம் என்றார். அன்றைக்கு ஆனந்தராஜ் லீவு போட்டிருந்தார். போடச் சொன்னவள் பூர்ணிமா. காலையில்தான் நாலாம் பக்கத்துக் காலி இடத்தை நிரப்பியிருந்தாள். ஓர் இரவு அரிசியில் இருந்தது, மறுநாள் என் கணவர் செராமிக் சூளைக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்ட் முழுக்கக் காயவைத்தார். அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

தேவநாதன் முதலில் திருமாலின் கடிதத்தைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"வேணும்னே ஊத்தியிருக்காருன்னு ஆவுதேம்மா?"

"எம் மேல ஊத்துனாரு சார். கேமரா மேல ஊத்தல."

மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, அன்றைக்கு எடுத்த வீடியோவைக் காட்டினாள். ஒரு பொம்பளை சிரிக்கிறாள், மேல் ஓரத்தில் ஒரு குடத்தின் வாய் தெரிகிறது, மஞ்சளாக ஏதோ பாய்கிறது, கோடு ஓடிப் படம் நின்றுவிடுகிறது. கேமராவின் கடைசிப் படம் அதுதான். தேவநாதன் நேரத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு நாலாம் பக்கத்துக்கு வந்தார். படித்துவிட்டு ஆனந்தராஜை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்ளோ சூடு இருக்கும் அங்க?"

ஆனந்தராஜ் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். தன் வேலையைப் பற்றிக் கேட்டதும் பேச்சு வந்துவிட்டது. தட்டு எல்லாம் ஒரே சூடு கிடையாது என்றார். அடித்தட்டில் பூனை படுத்துத் தூங்கும், வெயிலில் துணி காயும் சூடுதான். மேல் தட்டில் வெறும் கை வைக்க முடியாது. அங்கே வைத்தால் ஈர மண் பொம்மையே சில நாள் வெடித்துவிடும்.

"நீங்க எதுல வச்சீங்க?"

"கேமராவ அடித்தட்டுல வச்சேன் சார். லென்ஸுக்குள்ள தண்ணி ஆடுறது கண்ணுக்கே தெரிஞ்சிது. அத்தொட்டு அத மட்டும் மேல வச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சர்வேயரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவநாதன் கேமராவுக்கு ஒரு பத்தி, லென்ஸுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக எழுதினார். கேமராவின் அடிமூடியை ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் திறந்து, மஞ்சள் கறை படிந்து பச்சை பூத்திருந்த தகட்டைப் போட்டோ எடுத்தார். தூசியையும் எடுத்தார். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட், வாங்கின பில், பாஸ்புக் நகல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பூர்ணிமா ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். வாரம் ஒரு தடவை கொளஞ்சியப்பனுக்குப் போன் போடுவாள். அவர் எடுக்காவிட்டால் நேரில் போய் வாசலில் நிற்பாள். ஆடி பாதி போன பிறகு கடிதம் வந்தது. கேமரா தண்ணீரால் கெட்டது, தேய்மானம் போக மீதி கொடுக்கப்படும். லென்ஸ் சூட்டினால் கெட்டது, கொடுக்க வழியில்லை.

சம்மதம் என்று கையெழுத்துப் போட ஏஜெண்ட் வீட்டுக்குப் போனாள். கொளஞ்சியப்பனுக்கு மனசு ஆறவில்லை.

"சொன்னா கேட்டியாம்மா? வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா லென்ஸும் சேந்து வந்திருக்கும்."

"வந்திருக்கும். இல்லன்னா ரெண்டுமே போயிருக்கும். எதுன்னு நீங்க எழுதிக் குடுக்குறீங்களாண்ணே?"

அவர் பேனாவை நீட்டினார். அவள் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

கேமரா வாங்கியாகிவிட்டது. லென்ஸுக்காக ஓவர்டைம் பார்க்கிறேன் என்று ஆனந்தராஜ் சொன்னார். பாருங்கள் என்றாள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை, அவளுக்கு அப்படிச் சொல்லத் தோன்றவும் இல்லை. அதுவரைக்கும் ஸ்டூடியோவில் மூலையில் கிடந்த ஒரு சின்ன லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். அதில் தூரத்திலிருந்து எடுக்க முடியாது. திட்டக்குடியில் ஆவணி முதல் முகூர்த்தத்தன்று மணமேடையின் மேலேயே ஏறி, ஓமகுண்டத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். புகை முகத்தில் அடித்தது. புரோகிதர் இரண்டு தடவை நகரச் சொல்லிப் பார்த்தார்.

"நான் நவுந்தா தாலி படத்துல வராது சாமி. நீங்க கொஞ்சம் அந்தாண்ட நவுருங்க" என்றாள்.

அவர் நகர்ந்துகொண்டார்.