படிக்கிணற்றில் வைத்த கால்

கல்யாணமாகி நான் கீழவைப்பாருக்குப் போனபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. திரேஸ்புரத்தில் பிறந்த எனக்குக் கடல் புதிதல்ல. கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் எடுப்பதுதான் புதிது. ஊருக்கு வெளியே ஒரு படிக்கிணறு. எங்களுக்கு நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். கோடையில் தண்ணீர் கீழே போய்விடும். கடைசிப் படிவரை இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்கி எடுப்போம்.

இரண்டாவது கோடையில் என் வலது கணுக்காலில் ஒரு கொப்புளம் எழுந்தது. தீக்கங்கை வைத்துக் கட்டியது போல எரிந்தது. கிணற்றுத் தண்ணீரில் காலை வைத்தால் மட்டும் எரிச்சல் அடங்கும். அதனால் குடம் நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே ஏறுவேன். மூன்றாம் நாள் தண்ணீருக்குள்ளேயே கொப்புளம் உடைந்தது. புண்ணின் வாயில் வெள்ளை நூல் போல ஒன்று எட்டிப் பார்த்தது. அலறிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண்கள் அசரவில்லை. “நரம்புச் சிலந்தி. கால்ல வார புழு. இங்கன எல்லாருக்கும் வாரதுதான்” என்றார்கள்.

என் கணவர் சங்கு குளிப்பவர். கடலிலிருந்து வந்ததும் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். புழுவின் நுனியை ஓர் ஈர்க்குத் துண்டில் சுற்றி, நாளுக்கு ஒரு விரல் அளவு மெல்ல இழுப்பார். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடித்துவிடும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார், நானும் பிடித்துக்கொள்வேன்.

“மூச்சடக்குதது என் தொழில். நீ மூச்ச விடு ஏளா” என்பார். சிரித்தால் கால் ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

முழுப் புழுவும் வெளியே வர மூன்று வாரமாயிற்று.

அடுத்த கோடையில் அவருக்கே வந்தது, முழங்காலுக்குக் கீழே இரண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் வந்தது. அவரால் தொழிலுக்குப் போக முடியவில்லை. இப்போது ஈர்க்கு என் கையில்.

அந்தச் சமயம்தான் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கண்ணாடித் தம்ளரில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு, வெயிலுக்கு நேரே பிடித்து எங்களைப் பார்க்கச் சொன்னார். தூசி போலச் சிலது துள்ளித் துள்ளி ஓடின.

“புண்ணுக் காலோட ஒருத்தர் தண்ணியில நின்னா, புழு அதுல குஞ்சுகள விடும். இந்தப் பூச்சி அதத் திங்கும். நீங்க பூச்சியோட தண்ணியக் குடிப்பீங்க. ஒரு வருசம் கழிச்சு அது ஒங்க கால்ல வெளிய வரும்” என்றார்.

ஒரு வருஷம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். போன கோடையில் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதேன். “நான் வச்ச காலுதாங்க ஒங்கள இப்படிப் போட்டிருக்கு.”

அவர் என் கையிலிருந்த ஈர்க்கை வாங்கிக் கீழே வைத்தார். “ஒனக்கு முன்னால எவளோ வச்சிருக்கா, அவளுக்கு முன்னால எவனோ. தெரிஞ்சா வச்ச? இனிமே வச்சாத்தான் தப்பு.”

தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர். துணி ரேஷனில் கிடைத்த காலம். என் கணவர் பூசைக்குக் கட்டும் வேட்டியின் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு சாண் கிழித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அது கணுக்காலுக்கு மேலேயே நின்றது.

படிகளை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் சொன்னபோது பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கயிற்றில் இறைத்தால் கை போய்விடும் என்றார்கள். நான் எழுந்து, போன கோடையில் புண்ணோடு நின்றதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள்தான் முதலில் வாய் திறந்தாள். “எம் பிள்ளைகளுக்கு எரியுதேன்னு நேத்துகூட நாந்தான் அங்கன எறக்கி விட்டேன். அடைச்சிருங்க.”

சுவர் எழும்பிய முதல் நாள், இரண்டு குடம் இறைப்பதற்குள் என் உள்ளங்கை கன்றிவிட்டது. என் கணவர் நொண்டிக்கொண்டே வந்து கயிற்றை வாங்கினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் எனக்கு மட்டுமல்ல, வரிசையில் நின்ற எல்லாருக்கும் இறைத்துக் கொடுத்தார்.

அடுத்த கோடையில் சிலருக்கு மட்டும் வந்தது. அதற்கடுத்த கோடையில் ஊரில் ஒருவருக்கும் வரவில்லை.