பச்சை விளக்குக்காக இறுக்கிய பட்டை

செந்தாமரையின் கைவலியை எங்கள் லைனில் பலரும் நம்பவில்லை. காயமில்லை, வீக்கமில்லை, ஒரு நகம்கூட உடையவில்லை. ரத்தம் வந்தால்தானே நம் ஜனங்களுக்கு அது வலி.

மண்ணூர்க்காரி. ஒரகடத்தில் சார்ஜருக்கு சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் என் பக்கத்து இருக்கை. இடது கட்டைவிரலிலிருந்து புறங்கை வரை அவளுக்குத் திடீரென்று சுரீரென்று இழுக்கும். பிறகு மிளகாய் அரைத்த கையாக எரியும். துப்பட்டா நுனி பட்டால்கூட உதறுவாள்.

"கரண்ட் அடிக்கிதுக்கா" என்றுதான் முதலில் என்னிடம் சொன்னாள். லைனில் எல்லோரும் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் ஒயரை மேஜையில் சொருகிக்கொள்ள வேண்டும். நம் உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுத்துவிடுமாம். அந்தப் பட்டையில்தான் கோளாறு என்று நினைத்தாள். சோதித்துப் பார்த்தவர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். உடம்பு வளையாமலிருக்க நாடகம் போடுகிறாள் என்று சூப்பர்வைசர் வேல்ராஜ் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஒரு டாக்டர் சத்துக்குறைவு என்றார். இன்னொருவர் வாதம் என்றார். கடைசியாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, கழுத்தில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன்தான், திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடு என்றார்கள். கழுத்தில் கத்தி வைத்தால் கை விளங்காமல் போய்விடுமோ என்று அவளுக்கு பயம். வைக்காவிட்டால் கான்ட்ராக்டிலிருந்து தூக்கிவிடுவார்களே என்று அதைவிட பயம். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் வீட்டுக்காரர் திருமலை கைவிரித்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து தண்டலத்தில் இறக்கி, நரம்பு டாக்டரம்மா ஒருவரிடம் இழுத்துப்போனேன். அதுவரை எல்லா டாக்டரையும் அவள் லீவு நாளில்தான், குளித்துத் தலைவாரிக்கொண்டு போய்ப் பார்த்திருந்தாள்.

டாக்டரம்மா கழுத்தைத் திருப்பி அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கையைப் பிடித்தவர், ஷிப்ட் முடிந்தும் இன்னும் மறையாமல் மணிக்கட்டில் பள்ளமாகக் கிடந்த சிவப்பு வரியைக் கவனித்தார். "இது என்னம்மா தடம்?" என்று கேட்டுக்கொண்டே, கட்டைவிரல் பக்கமாக அதன்மேல் மெல்லத் தட்டினார். செந்தாமரை நாற்காலியோடு எகிறினாள். அதே வலிதான் மேடம், அதேதான் என்று அழுதாள்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. காலையில் லைன் வாசலில் பட்டையைக் கட்டிக்கொண்டு, அது தோலோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மெஷினில் விரல் வைக்க வேண்டும். பச்சை எரிந்தால்தான் உள்ளே போகலாம். செந்தாமரைக்கு வறண்ட தோல், பட்டை தளர்ந்தால் சிவப்புதான் எரியும். அதனால் தினமும் ஓர் ஓட்டை கூடுதலாக இறுக்கினாள். பட்டையில் கரண்ட் கசிகிறது என்று புதிதாக மாற்றி வாங்கினாள், அதையும் இறுக்கினாள். வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று வீட்டில் அதே இடத்தில் துணிக்கட்டு வேறு.

தோலுக்கடியில் ஓடும் சின்ன நரம்பு நசுங்கியிருக்கிறது, கழுத்தை யாரும் தொட வேண்டாம் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். வறண்ட தோலுக்குக் கிரீமும் கொடுத்தார். "ஆறிடும், மாசக்கணக்குல ஆகும். ஆனா எந்தக் கையிலயும் இனிமே இறுக்கிக் கட்டாதே. திரும்ப நசுங்கினா என்னால உறுதி சொல்ல முடியாது."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள் லைன் வாசலில் நின்றாள். வலது கையில் கிரீம் தடவி, பட்டையைத் தளர்வாகக் கட்டி, விரலை வைத்தாள். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. பின்னால் ஷிப்ட் மொத்தமும் தேங்கி நின்றது. வேல்ராஜ் வேகமாக வந்து, இறுக்குவதற்காகப் பட்டையின் நுனியைப் பிடித்தார்.

"கைய வுடு சார்" என்றாள் செந்தாமரை. "செவப்பே எரியட்டும். எனக்கு நல்லதா மிச்சம் கீறது இந்த ஒரு கைதான்."

வேல்ராஜ் கையை எடுத்துவிட்டு, ஓரமாக நில் என்றார். நின்றாள். அடுத்தது நான். என் மணிக்கட்டிலும் அந்த வரி இருக்கிறது. பட்டையை ஓர் ஓட்டை தளர்த்திக்கொண்டு மெஷினில் விரலை வைத்தேன். எனக்கும் சிவப்புதான் எரிந்தது. போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.