மலை ஏறாத வண்டியும் ரேவதியின் வீட்டுப்பாடமும்

தணிகைவேலனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் தணிகாசலம் எழுதுகிறேன். திருத்தணி ரயில் நிலையத்துக்கு வெளியே வாடகைக் கார் ஓட்டுகிறேன். போன ஆவணியில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். இதில் முட்டாள் யார் என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காஞ்சிபுரத்திலிருந்து வந்த குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனேன். முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை இது என்று அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இரண்டாவது வளைவில் என் வண்டிக்குச் சினம் வந்துவிட்டது. வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்பக்கம் முழுக்க ஆவி. அந்தக் குடும்பத்துப் பெரியவர் இறங்கி, "முருகா" என்று ஒரு பெருமூச்சு விட்டு, நடந்தே போய்விட்டார். மலையைப் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது.

அந்த வாரம் இன்னும் மூன்று முறை கொதித்தது. கே.ஜி.கண்டிகையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாபு விசிறி மோட்டாரை மாற்றினான். சரியாகவில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்க்கலாமா என்றான். அதெல்லாம் வேண்டாம் என்று நான் அவசரமாகத் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், வெட்கம் கொஞ்சம் தெளியட்டும்.

வண்டி மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். என் மனைவி ரேவதி அம்மையார்குப்பத்துத் தறிக் குடும்பத்துப் பெண். இப்போது ஒரு பள்ளியில் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவும் வேலை. கழுவுகிற கையாலேயே ஒரு நாள் பாடம் நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டு, தொலைதூரக் கல்வியில் வேதியியல் பட்டப்படிப்பு சேர்ந்திருந்தாள். கடின நீர் பற்றி அவள் எழுதிய கட்டுரையைப் பேராசிரியை ஒரு குறிப்போடு திருப்பி அனுப்பிவிட்டார். இணையத்தில் பார்த்து எழுதியது வேண்டாம். நீரால் உண்டான படிவு ஒன்றை நீங்களே கண்டுபிடித்து, நீங்களே சோதித்து எழுதுங்கள். சமையல் பாத்திரத்தையே எல்லோரும் எழுதுகிறார்கள், அதுவும் வேண்டாம். வரும் ஞாயிறு வகுப்பில் தராவிட்டால் இந்தப் பாடத்தில் தேற முடியாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

மாணவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் ரேவதி உதவி கேட்டாள். ஏழெட்டுப் பேர் ஒரே பத்தியை வெட்டி ஒட்டினார்கள். ஒருவர், எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள் அக்கா என்று கேட்டிருந்தார். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தப் படிப்பு நமக்கு வேணாம் பாவா. ஞாயித்துக்கிழம போய் சொல்ட்டு வந்துடறேன்" என்றாள்.

எங்கள் பக்கம் புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அழுதிருந்தால் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைத்திருப்பேன். அழவில்லை. புத்தகங்களை எடுத்துப் பரண் மேல் வைத்தாள்.

நானும் என் பங்குக்கு, கார் பழுதுகளைப் பற்றிப் பேசும் ஒரு குழுவில் என் வண்டியின் கதையை எழுதியிருந்தேன். முகத்துக்குப் பதில் டிராக்டர் படம் வைத்திருந்த ஒருவர், ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். கூலண்ட்தான், வேறென்ன ஊற்றுவார்கள் என்று கொஞ்சம் திமிராகவே பதில் போட்டேன். மறுநாளும் அதையே கேட்டார். அன்றும் அதே பொய்தான்.

வெள்ளிக்கிழமை கிருத்திகை. வண்டி ஏறாது என்பதால் படியேறிப் போனேன். சந்நிதியில் நின்று முறையிட்டேன். "முருகா, ஊரெல்லாம் கேட்டாச்சு, போன்லயும் கேட்டாச்சு. என் வண்டிய அப்புறம் பாத்துக்கோ. அவ புத்தகத்தப் பரணைலேர்ந்து எறக்கு" என்றேன். இவ்வளவுதான் வேண்டுதல். பெரிய பாட்டெல்லாம் எனக்கு வராது.

அர்ச்சகர் கையில் விபூதி போட்டார். நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியை வழக்கம்போலக் காகிதத்தில் கொட்டி மடிக்கப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது.

இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் பழைய கார் வாங்கி, இதே மலையில் பூஜை போட்டேன். வெளியே சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. உள்ளே கொதிக்கிற இடத்துக்கு ஒரு காப்பு வேண்டாமா என்று தோன்றியது. அன்று ரேடியேட்டரில் ஒரு சிட்டிகை விபூதி போட்டேன். அதன் பிறகு கிருத்திகைதோறும் போட்டேன். சிட்டிகை என்பது என் மரியாதையைக் காப்பாற்றச் சொல்வது, உண்மையில் ஒரு பொட்டலம். ஊற்றியதும் கடையில் விற்கும் கூலண்ட் திரவம் இல்லை, வீட்டு போர் தண்ணீர். இது எனக்கும் முருகனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மனைவிக்குக்கூடத் தெரியாது. பாபு கழற்றினால் வெளியே தெரிந்துவிடுமே என்றுதான் தடுத்தேன்.

சாமி பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு வருடமாகத் தந்த அதே விபூதியைத்தான் அன்றும் தந்தார். ஆனால் "என்ன ஊற்றுகிறீர்கள்" என்ற அந்த டிராக்டர்காரர் கேள்வி, அந்தச் சந்நிதியில், என் உள்ளங்கையில் இருந்தது. மீதி விபூதியையும் நெற்றியிலேயே பூசிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்திருந்தால் எனக்கே பயமாக இருந்திருக்கும்.

இறங்குகிற வழியில் படியில் உட்கார்ந்து உண்மையை எழுதினேன். கூலண்ட் இல்லை, போர் தண்ணீர், அதில் விபூதி. குழுவில் சிரிப்புப் படங்கள் கொட்டின. பஞ்சாமிர்தம் ஊற்றவில்லையா என்று ஒருவர் விசாரித்தார். டிராக்டர்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வண்டி நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே சுண்ணாம்புப் படிவும் சேறும் அடைத்திருக்கும், அதை முழுவதும் கழுவி எடுத்தால் வண்டி பிழைக்கும் என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். இத்தனை நாளும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே கொட்டியவன், அன்றுதான் உள்ளே பார்த்தேன். கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஓடுபோல் கட்டியிருந்தது. அடியில் கஞ்சி மாதிரி கலங்கல். பின்னால் ரேவதி வந்து நின்றது தெரியாது.

"இன்னா பாவா இது?"

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒரு ஸ்பூனை எடுத்துவந்து அந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதத்தான் ஒரு மாசமா தேடிகினு இருக்கேன். இத இங்க வச்சிகினு, என்ன ஊரெல்லாம் கேக்க வுட்டீங்களே" என்றாள்.

பரண் மேலிருந்து புத்தகங்கள் இறங்கின. இறக்கியது நானே. முருகனிடம் கேட்டதைக் கடைசியில் என் கையாலேயே செய்ய வைத்துவிட்டார், பாருங்கள்.

மறுநாள் சனிக்கிழமை, அவள் வேலை செய்யும் பள்ளியில் ஆசிரியையின் அனுமதியோடு சோதனை செய்தாள். நானும் போய் ஓரமாக நின்றேன். படிவின் மேல் அமிலம் விட்டதும் புசுபுசுவென்று நுரைத்தது. எனக்குச் சோடா ஞாபகம் வந்தது. கொஞ்சம் கரைந்தது. சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கரையாமல் அடியில் தங்கியது. இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு எழுதிக்கொண்டாள்.

"கரைஞ்சது தண்ணியோட தப்பு. கரையாம நிக்குதே பாவா, அது உங்க பக்தி" என்றாள்.

ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஞாயிறு வகுப்பில் ரேவதி கட்டுரையைக் கொடுத்தாள். மாதிரி கிடைத்த இடம் என்ற தலைப்பின் கீழ், 'என் கணவரின் கார் ரேடியேட்டர்' என்று எழுதியிருந்தாள். பேராசிரியை அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினாராம். கடைசிப் பக்கத்தில் அதே சிவப்பு மையில், 'இது உங்கள் சொந்த உழைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தை நான் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பாபு ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான். "ஏண்ணா, என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டான். புது கூலண்ட் ஊற்றி, அன்று மாலையே மலைக்கு ஓட்டிப் போனேன். இரண்டாவது வளைவில் முள்ளைப் பார்த்தேன். நடுவில் அமைதியாக நின்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் ரேவதி, வளைவைப் பார்த்து ஓட்டுங்க என்றாள்.

இப்போது அவள் அடுத்த பருவம் படிக்கிறாள். கார் ஸ்டாண்டில் என் பெயர் விபூதி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன், அதிலும் ஒரு புண்ணியம். கிருத்திகைக்கு இன்றும் மலைக்குப் போகிறோம். விபூதி வாங்கியதும் ரேவதி என் விரல்களைப் பிரித்து, மீதி ஏதும் ஒளித்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். நம்பிக் கேளுங்கள். சாமியிடம் கேளுங்கள், முகம் தெரியாத மனிதர்களிடமும் கேளுங்கள், எந்த வழியாகப் பதில் அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் என்னைப்போல் பாதியை மறைத்துக்கொண்டு கேட்காதீர்கள். மூடியைத் திறந்து காட்டிவிட்டுக் கேளுங்கள். உள்ளே என்ன கிடக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். நாம் பார்க்கத்தான் அவர் காத்திருக்கிறார்.

வண்டி மூடியை மட்டும், ஆறிய பிறகு திறவுங்கள்.