சின்னப்பாவின் தோட்டம்

இந்தத் தலைப்பை நான்தான் வைக்கிறேன். சின்னப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "சாமி தோட்டம்" என்றுதான் சொல்வார். குத்தகைக்கு உழுகிறவன் அடுத்தவர் நிலத்தை "என் தோட்டம்" என்றால் மரியாதைக் குறைவு என்பது அவர் நினைப்பு. அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாமி என்றால் தேசிகன். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று பெங்களூர் நகரத்துக்குள் இருந்தார். ஆஸ்டின் டவுனுக்குத் தெற்கே, ஏரி ஓரம் அவர் நிலம். சுதந்திரம் வந்த வருஷம் சின்னப்பா அதைக் குத்தகைக்கு எடுத்தபோது புல்லும் முளைக்காத செம்மண். கண்டோன்மெண்ட் குதிரை லாயத்து எருவை வண்டி வண்டியாகக் கொட்டி, அதைக் கருப்பு மண்ணாக மாற்றினார். அவரும் மனைவி முத்தம்மாவும் விளைவித்த கீரையை வாங்கித்தான் ஆஸ்டின் டவுனில் நான் கடை போட்டிருந்தேன். எழுத்து எதுவும் கிடையாது. விளைச்சலில் பாதி தேசிகனுக்கு. பருவம் தொடங்கும்போது வெற்றிலை பாக்கு வைத்து, முதல் பிடி விதையை அவர் கையால் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அந்தப் பருவம் சின்னப்பாவுக்கு.

உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டம் வரப்போவதாக அறுபதுகளின் தொடக்கத்தில் ஊரெல்லாம் பேச்சு. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நான் அப்போது கீரை வாங்கப் போயிருந்தேன். அதிகாரி பக்கத்தில் தேசிகன் குடையோடு நின்றார். இங்கே பயிர் வைப்பது யார் என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார்.

சின்னப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தேசிகன் வாயே திறக்கவில்லை. அவர் ஒரு பொய் சொல்லியிருந்தாலாவது சின்னப்பாவுக்கு ரோஷம் வந்திருக்கும்.

"சாமி தோட்டங்க. நான் கூலிங்க."

"யோவ், இன்னாய்யா சொல்ற? பயிரு வெக்கிறது நாமதானே!" என்று முத்தம்மா பதறினாள்.

"சும்மா இருடி. சாமிய எதிர்ல வெச்சிக்கினு அப்டி சொல்றதா?"

அதிகாரி கூலி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பருவத்துக்கு வெற்றிலை பாக்கோடு போனார் சின்னப்பா. தேசிகன் விதை எடுத்துக் கொடுக்கவில்லை.

"இனிமே விதைக்க வேண்டாம்ப்பா. செங்கல் சூளைக்குக் கொடுத்துட்டேன். ஒனக்கும் அங்கே வேலை தரச் சொல்லியிருக்கேன்."

அன்பாகவே சொன்னாராம். கீரை வரத்து நின்று என் கடையும் படுத்துவிட்டது. நான் வீட்டு வேலைக்குப் போனேன். கோபித்துக்கொண்டு அத்திபெலே ஊரில் தன் தங்கை வீட்டுக்குப் போன முத்தம்மா திரும்பி வரவே இல்லை.

ஒருநாள் சூளைப் பக்கம் போனேன். சின்னப்பா அதே இடத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மரியாதிக்கி சொன்னேன்க்கா, கூலின்னு" என்றார். "இப்ப நெசமாவே கூலி."

அதற்குள் மேஸ்திரி கத்தினான்: "யோவ், மேல்மண்ணு செங்கல்லுக்கு ஆவாதுய்யா! எருவு கலந்த மண்ணு, சுட்டா வெடிச்சிடும். தூரப் போடு!"

சின்னப்பா அந்தக் கருப்பு மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் ஏரியில் கொட்டினார்.