பிரவீனாவின் தொண்டையில் இறங்காத சாமி

ஊரை ஏமாற்றினாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓர் எலுமிச்சம்பழம்கூட அவள் கையில் வாங்கியதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சொல் சொன்னாள். அதுவும் ஒரு மனிதனின் கால் போய்விடக் கூடாதே என்றுதான்.

பிரவீனாவுக்கு வயது இருபத்தொன்பது. சிங்கப்பூருக்கு அக்கரையில் உள்ள ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டில், அம்மா வெள்ளையம்மாவோடு இருந்தாள். தெப்ராவ் பக்கம் தொழிற்சாலையில் வேலை. பொழுது சாய வீடு திரும்பினால் குளித்து, வெந்நீர் குடித்து, பின்னறையில் நின்று குரல் பழகுவாள். மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை வாசிக்கும் நான்கு பேர் குழுவில் அவள்தான் பாடகி.

அம்மாவுக்குப் புரியவைக்க அவளும் முயலாமல் இல்லை.

“மா, இதுல நெறைய வகை இருக்கு. திராஷ்னா ஒரே ஓட்டம். டூம்னா ஆன நடக்கிற மாதிரி, மெதுவா, கனமா. பவர் மெட்டல்ல குரல் உச்சியில போய் நிக்கும். பிளாக் மெட்டல்ல கீச்சுனு கத்துவாங்க. நான் பாடுறது டெத் மெட்டல். அடிவயித்துலருந்து உறுமணும்.”

“டெத்துன்னா சாவுதானே? சாவுன்னு பேரு வெச்ச பாட்ட வெளக்கு வெக்கிற நேரத்துலதான் பாடணுமா, பிள்ள?”

“வேல முடிஞ்சு அப்பதானே மா வர்றேன்.”

வினையே அந்த நேரத்தில்தான் இருந்தது. முன்னறையில் அம்மா மணியடித்துச் சாம்பிராணி போடுவாள். பின்னறையிலிருந்து மகளின் உறுமல் எழும்பும். புகையும் மணியும் உறுமலும் ஒன்றாகச் சுவரைத் தாண்டிப் போயின. முதலில், பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். அப்புறம் யோசித்தார்கள். பேயாக இருந்தால் சாம்பிராணிக்கு ஓடியிருக்குமே! தினமும் புகைக்கு அசையாமல் உறுமுகிறதென்றால் அது முனியாண்டியேதான் என்று முடிவு கட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஷாமளா, தட்டில் எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, சாமி எறங்கியிருக்காரா?”

இல்லை என்று வெள்ளையம்மா சொல்லியிருக்கலாம். பேய் பிடித்த பெண்ணின் தாயாக ஒரு வருடம் தலைகுனிந்து நடந்தவள். “உள்ள வா” என்றாள்.

வியர்த்து, தலைமுடி விரிந்து, கறுப்பு டி-சட்டையோடு வெளியே வந்த பிரவீனாவின் காலில் ஷாமளா விழுந்தாள்.

“அலமாக், ஐயோ! அக்கா, எழுந்திரிங்க!”

ஷாமளா எழவில்லை. அவள் கணவன் லெட்சுமணனுக்குச் சர்க்கரை நோய். கால் விரல் இரண்டு கறுத்துப்போயிருந்தன. உடனே விரலை எடுக்காவிட்டால் காலே போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவரோ வீட்டைவிட்டு அசைய மறுக்கிறார்.

“இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. இது நான் சொல்றேன், சாமி இல்ல. நான் பாட்டுப் பாடுறவ.”

“நீ சொன்னா போவாராம்மா? டாக்டர் சொல்லியே போகல. சாமி கொரல்ல கேட்டாத்தான் போவேன்னு ஒக்காந்திருக்காரு.”

பிரவீனா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு பிரவீனா பக்கத்து வீட்டுக்குப் போனாள். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் முன் நின்று, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, “போ!” என்று ஓர் உறுமல் விட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாக ஷாமளா பிற்பாடு சொன்னாள். அது கொஞ்சம் கூடுதல்.

லெட்சுமணன் அன்றே போனார். விரல் இரண்டும் போயின, கால் தப்பியது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் பதினோரு பேர். பெண்ணுக்கு எப்போது கல்யாணம், சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா என்று ஆளுக்கொரு கேள்வி. வெள்ளையம்மா பாய் விரித்து, எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கினாள்.

“மா, அனுப்பிடுங்க. அடுத்த வாரம் ஜேபி டவுன்ல எங்க குழு மேடையேறிப் பாடுது. நோட்டீசுல என் பேரு இருக்கு.”

“பாட்டுன்னா சிரிப்பாங்க. சாமின்னா கும்புடுறாங்க. சாமின்னே இருந்துட்டுப் போயேன்லா.”

பிரவீனா கைப்பேசியை ஒலிபெருக்கியில் மாட்டித் தங்கள் பாட்டைப் போட்டாள். மத்தளம் மாதிரி டிரம்ஸ், கித்தார், அதன் நடுவே அதே உறுமல்.

“இதுதான் நான். சாமி யாரும் வரல.”

பாயில் முன்வரிசையில் இருந்த ஷாமளாதான் முதலில் கேட்டாள். “அப்ப எங்க வீட்டுக்காரர போகச் சொன்னது?”

“நான்தான் அக்கா.”

வந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். முனியாண்டி பெயரில் கூத்தடித்தவள் என்ற பேச்சு அன்றைக்குக் கிளம்பியதுதான். கடைசி ஆள் போனதும் வெள்ளையம்மா வாளியைத் தூக்கி வாசலைக் கழுவினாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இந்த வீட்ல இருக்கணும்னா அந்தப் பாட்டு வேண்டாம். என்ன சொல்ற?”

“பாடுவேன் மா.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்க, பிரவீனா துணிப் பையோடும் மைக் பெட்டியோடும் முன்கதவு வழியாகவே இறங்கினாள். தெப்ராவில் அறை பார்த்தாயிற்று. வெள்ளையம்மா கதவைச் சாத்தவுமில்லை, கூப்பிடவுமில்லை.

பக்கத்து வீட்டில் லெட்சுமணன் கட்டுப் போட்ட காலோடு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். கோலை அக்குளில் இடுக்கி, இரு கைகளையும் கூப்பினார். ஷாமளா அவர் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள், நடக்கவில்லை.

“அண்ணே, கும்பிடாதீங்க. கட்டுல தண்ணி படாமப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, பிரவீனா காரை எடுத்தாள்.