தகட்டுப் பிள்ளை

நாங்கள் போன கிரேக்கத் தீவின் பெயரை சேலத்து டிராவல்ஸ்காரர் கேள்விப்பட்டதே இல்லை. "அங்க பாக்கறதுக்கு என்னங்க மேடம் இருக்குது?" என்றார். "ஒண்ணுமே இல்லீங்க. அதுக்குத்தான் போறோம்" என்றேன். அவர் பாவமாக என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எதிலும் அவசரம்தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சோறு தண்ணி மறந்துவிடும். ரொட்டிக்கும் தண்ணீருக்கும் நன்றிக்கும் கிரேக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று வீடியோ போட்டு மனப்பாடம் செய்தேன், எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வந்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் நான் உண்மையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது என் கணவரிடம் சொல்லவேண்டிய ஒரு தமிழ் வாக்கியத்தை. "போதுங்க மாமா, நாலாவது தடவ வேண்டாம்."

குழந்தைக்காக மூன்று முறை சிகிச்சை முடிந்திருந்தது. வயிற்றில் ஊசி, ஸ்கேன், கருவை உள்ளே வைத்த பிறகு தும்மக்கூடப் பயப்படும் நாட்கள், கடைசியில் போனில் நர்ஸின் குரல்: "நெகட்டிவ்ங்க மேடம்." மூன்று முறையும் அதே நர்ஸ், அதே மரியாதை. பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டில் என் வாக்கியத்தைச் சொல்ல ஓர் இடம் கிடையாது. எந்த அறையில் பேசினாலும் பக்கத்து அறையில் மாமியார் இருப்பார். வெளியே வந்து நாமக்கல் பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டிலிருந்து யாராவது ஓர் அத்தை திரும்பி, "ஏஞ்சாமி, ஏதாச்சும் விசேஷமா?" என்பார். யாரும் அப்படிக் கேட்காத ஊரில் வைத்துச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார் என்று நம்பினேன்.

கிளம்பும் அன்று மாமியார் பருப்புப் பொடியோடு ஒரு விபூதிப் பொட்டலத்தையும் பெட்டிக்குள் செருகினார். "கடல்ல நல்லா முங்கி எந்திரிங்க சாமி. ராமேஸ்வரம்னு நெனச்சுக்கோங்க."

என் கணவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நாங்க ஒண்ணும் கோயலுக்குப் போகலீங்கம்மா. மரத்துல தொட்டில் கட்டு, அங்க வேண்டிக்கோ, இங்க வேண்டிக்கோன்னு இனி ஒரு வார்த்த பேசுனீங்க, பாத்துக்கோங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவருக்கும் அலுத்துவிட்டது, பாதி வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

படகு தீவை நெருங்கியதும் அவர் வாய் திறந்தார். "ஏம்புள்ள, நம்மூரு கரடாட்டவே இருக்குது. மொட்டப் பாறையும் நாலு ஆடும். இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?"

"நம்மூரு கரட்டச் சுத்திக் கடல் இருக்குதுங்களா?"

"காவேரி இருக்குதுல்ல, போதாதா?"

சிரித்தோம். அந்த முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைச் சுவர், காற்று, வேலை ஒன்றும் இல்லாத மத்தியானம். ஊரில் தீவனக் கடை நடத்தும் என் கணவர் போனைக் கையில் எடுக்காமல் குட்டித் தூக்கம் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை, எங்களுக்கு அறை வாடகைக்கு விட்ட அம்மாள் ஒரு தட்டில் அத்திப்பழம் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வாட்டசாட்டமான உடம்பு. நான் கிரேக்கத்தில் நன்றி சொன்னதும் பூரித்துப்போய் மளமளவென்று பேசத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடனே என்னைக் காட்டினார், என் கணவரைக் காட்டினார், இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டினார். புருவம் மேலே ஏறி நின்றது.

பஸ்ஸில் திரும்பிப் பார்க்கும் அத்தையின் புருவமும் அப்படியேதான் நிற்கும். இல்லை என்று தலையாட்டினேன். அந்த அம்மாள் நாக்கால் 'ச்சு' கொட்டிவிட்டு உள்ளே போய், உள்ளங்கை அளவு மெல்லிய தகடு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். துணியில் சுற்றிய குழந்தையின் உருவம் புடைப்பாக அச்சிட்டிருந்தது, நுனியில் நீல நாடா. மேலே பாறை உச்சியிலிருந்த சின்ன மாதா கோயிலைக் கை காட்டினார்.

மாரியம்மன் கோயில் வாசலில் கண்ணும் காலும் பிள்ளையும் தகட்டில் அடித்து விற்பார்களே, அதேதான். "பாருங்க மாமா, உங்கம்மா நமக்கு முந்தி வந்து சொல்லி வெச்சிருக்காங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

அதற்கப்புறம் தினமும் இன்று சொல்லிவிடலாம் என்று எழுந்து, நாளைக்கு ஆகட்டும் என்று படுத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது ஆரம்பித்தேவிட்டேன்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"நானும் ஒண்ணு சொல்லோணும் புள்ள. சிரிக்கப்படாது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "காத்தால நீ தூங்கறப்ப மேல போயி அந்தத் தகட்டக் கட்டிட்டு வந்துட்டேன். செருப்ப வாசல்லயே உட்டுட்டுப் போனனா, அங்க கூட்டிட்டு இருந்தவரு ஒரு மாதிரியாப் பாத்தாரு."

"நீங்களா?"

"எங்கம்மா சொன்னா கோவம் வருது. இங்க ஆரும் சொல்லல பாரு. நானாத்தான் போனேன். போனதும் மனசு லேசாயிருச்சு. நாலாவது தடவ ஆயிரும் கண்ணு, எனக்குத் தோணுது." பிறகு கேட்டார், "நீ என்ன சொல்ல வந்த?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதை எப்படி அணைப்பது? "தண்ணி குளுருதுங்க, போலாம்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

சாயங்காலம் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். மாதா படத்துக்குக் கீழே கம்பியில் வரிசையாகத் தகட்டுப் பிள்ளைகள். எல்லாம் ஒரே அச்சு, எல்லாவற்றிலும் நீல நாடா. சில கறுத்துப்போய் முகமே தெரியவில்லை. அவற்றைக் கட்டியவர்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்க எனக்கு மொழி போதவில்லை, தைரியமும் இல்லை. அவர் தன்னுடையதைத் தேடினார். ஒன்றைத் தொட்டார், இல்லை என்று அடுத்ததைத் தொட்டார். கடைசியில், "இதுதான்னு நெனைக்கறேன்" என்றார்.

"அதேதாங்க" என்றேன்.

மறுநாள் படகு கரையை விட்டு நகர்ந்ததுமே அவர் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அங்கே மதியம் ஆகியிருக்கும். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"அடுத்த தடவ எப்ப தூரமாயித் தலைக்கு ஊத்துவீங்கன்னு நர்ஸ் கேக்கறாங்க. அத வெச்சு ஊசி ஆரம்பிக்கலாமாம்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தேதியைச் சொன்னேன்.